சைலன்சரை வெட்டினால் டர்போ டீசலுக்கு இழுவை கூடுமா?

3 பிப்ரவரி: வாசகர் ஒருவரின் கேள்வி

"என்னுடையது 1990களின் நடுப்பகுதியில் வந்த 2.5 லிட்டர் டர்போ டீசல், நான்கு சக்கர இயக்க வண்டி. நடு சைலன்சரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேர்க்குழாய் போட்டேன். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டரைப் பொருத்தினேன். வண்டி முன்பைவிட நன்றாக இழுக்கிறது. அடுத்ததாக டர்போவிலிருந்து கடைசி வரை 3 அங்குலக் குழாய் போடலாம் என்றிருக்கிறேன். ஆனால் பின்னழுத்தம் (வெளியேறும் புகைக்குக் குழாய் தரும் எதிர்ப்பு) கொஞ்சமாவது இல்லாவிட்டால் கீழ்ச் சுற்றில் இழுவை போய்விடும் என்று மெக்கானிக் சொல்கிறார். எது சரி?"

4 பிப்ரவரி

மெக்கானிக் சொல்வது, டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின்களோடு பழகியவர்கள் சொல்லிவரும் பாடம். அங்கேயும் எஞ்சினுக்கு வேண்டியது பின்னழுத்தம் அன்று. குழாயின் நீளமும் குறுக்களவும் பொருந்தி அமைந்தால், ஒரு சிலிண்டரிலிருந்து வெளியேறும் வாயுவின் அழுத்த அலை அடுத்த சிலிண்டரைக் காலிசெய்ய உதவும். தடித்த குழாயில் அந்த உதவி குறையும். இதைத்தான் "பின்னழுத்தம் வேண்டும்" என்று சுருக்கிச் சொல்லிவிட்டார்கள். டர்போ வண்டியில், எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்பைன் சக்கரம் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர் சக்கரத்தைச் சுழற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிறது; அந்த அலைகளில் பெரும்பகுதி டர்பைனோடு முடிந்துவிடுகிறது. டர்பைனைச் சுழற்றுவது அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு என்பதால், பின்னால் அழுத்தம் குறையக் குறைய டர்போ விரைவாக எழும். ஆகவே டர்போவுக்குப் பிந்தைய குழாயில் பின்னழுத்தத்தைக் காப்பாற்றி வைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. டர்போவுக்கு முந்தைய பகுதி வேறு கதை. அங்கே வெப்பத்தையும் வேகத்தையும் இழக்கக் கூடாது, தொழிற்சாலை கொடுத்த மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் கிளைக்குழாயை, பெரிதாக்கப் போகக் கூடாது.

ஆனால் கேள்வியின் முதல் பாதி, அதாவது "நன்றாக இழுக்கிறது" என்பது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. டீசல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றை அடைத்து விசையைக் கட்டுப்படுத்துவதில்லை. எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறது என்பதே விசையைத் தீர்மானிக்கிறது. எடைக்கணக்கில் ஒரு பங்கு டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 பங்கு காற்று போதும். ஆனால் சிலிண்டருக்குள் இரண்டும் கலப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், 18 முதல் 20 பங்குக்குக் கீழே போனாலே கரும்புகை தொடங்கிவிடும். காற்று ஏற்கெனவே போதுமான அளவில் இருக்கும் எஞ்சினுக்கு மேலும் காற்றைக் கொடுத்தால், டீசலின் அளவு மாறாத வரையில், கிடைப்பது குறைந்த புகையும் குறைந்த எக்ஸாஸ்ட் வெப்பமும்தான். காற்றைத் தள்ளவும் புகையை வெளியேற்றவும் பிஸ்டன் செலவழிக்கும் வேலை சிறிது மிச்சமாகும். டர்போ சற்று முன்னதாக எழும். இவற்றுக்கெல்லாம் மதிப்பு உண்டு, ஆனால் இவை "வண்டி பறக்கிறது" என்று சொல்லும் அளவுக்கானவை அல்ல.

பழைய பாஷ் வி.இ. வகை டீசல் பீய்ச்சும் பம்ப் உள்ள வண்டிகளில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அந்தப் பம்பின் தலையில் டர்போ காற்றில் ஏற்றும் அழுத்தத்தால், அதாவது பூஸ்டால், அழுந்தும் ஒரு டயஃப்ரம் (சவ்வு) இருக்கும். பூஸ்ட் ஏறினால் அது இறங்கி, டீசலின் மேல்வரம்பைக் கூட்டும். ஆகவே பூஸ்ட் முன்னதாக ஏறினால் டீசலும் முன்னதாகக் கூடும். நண்பரின் வண்டியில் நடந்தது இதுவாக இருக்கலாம்.

5 பிப்ரவரி

அல்லது வெறும் சத்தமாக இருக்கலாம். சைலன்சரை எடுத்த நாளில் எல்லா வண்டியும் வேகமாகத்தான் ஓடும்.

9 பிப்ரவரி

3 அங்குலமா, 2.5 அங்குலமா என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. என்னுடையது 2,495 கன செ.மீ. கொள்ளளவுள்ள லேண்ட் ரோவரின் 300 டி.டி.ஐ. எஞ்சின் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். நிமிடத்துக்கு 4000 சுற்றில், 1 பார் பூஸ்டில், டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி 60 டிகிரியில் காற்று நுழைவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 9 கிலோ காற்று செல்கிறது. வெளியிலிருந்து உறிஞ்சப்படும்போது அதன் பருமன் ஏழரை கனமீட்டரைச் சற்றே தாண்டும்; டர்போவைக் கடந்து 500 டிகிரி வெப்பத்தோடு வெளியேறும்போது அதே வாயு 20 கனமீட்டராக விரிந்திருக்கும். அதனால்தான் உள்ளே வரும் குழாயின் அளவை வைத்து வெளியே போகும் குழாயின் அளவை முடிவு செய்யக் கூடாது.

இந்த 20 கனமீட்டர், சுவர்த் தடிமன் ஒன்றரை மி.மீ. உள்ள 2 அங்குலக் குழாயில் நொடிக்கு சுமார் 190 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது, 2.5 அங்குலக் குழாயில் 120 மீட்டர். 3 அங்குலக் குழாயில் 80 மீட்டர். அழுத்த இழப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 2 அங்குலத்திலிருந்து இரண்டரைக்குப் போனாலே இழப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அங்கிருந்து மூன்றுக்குப் போனால், எஞ்சியிருக்கும் அந்தச் சிறு பங்கில் பாதிக்குச் சற்று மேல் குறையும். அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் கியர்பாக்ஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இல்லாத இடத்தைத் தேடி அலைகிறோம். 2.5 லிட்டர் எஞ்சினுக்கு 2.5 அங்குலம் போதும் என்பது என் முடிவு. 4.2 லிட்டர் எஞ்சின்காரர்கள் மூன்று போட்டுக்கொள்ளட்டும்; அவர்களிடம் வாயுவும் இருக்கிறது, வண்டியின் அடியில் இடமும் இருக்கிறது.

10 பிப்ரவரி

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கணக்கு ஆளை ஏமாற்றும். 4000 சுற்று, முழு பூஸ்ட் என்பது நெடுஞ்சாலையில் முழு பாரத்தோடு மேடேறும் நிலை. காட்டுப்பாதையில் 1800 சுற்றில் இழுக்கும்போது வாயுவின் அளவு பாதிக்கும் கீழே. இழப்பு அதன் இருமடி என்பதால் ஐந்தில் ஒரு பங்குதான். லோ ரேஞ்சில் (மெதுவாக ஊர்வதற்கான தாழ்ந்த கியர் தொகுதி) 1200 சுற்றில் பாறைமேல் ஊர்ந்து ஏறும்போது பூஸ்டும் ஏறக்குறைய இல்லை. இழப்பு முப்பதில் ஒரு பங்குக்கு வந்துவிடும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். எந்த இடத்தில் ஓட்டுவதற்காக இந்த வண்டியை வாங்கினோமோ, அந்த இடத்தில் குழாயின் குறுக்களவு எதையும் மாற்றாது. "டர்போ விரைவாக எழும்" என்று 4 ஆம் தேதி எழுதியதையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

17 பிப்ரவரி

மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எப்படி அளப்பது என்று கேட்பவர் குறைவு. உள்ளிழுக்கும் பக்கத்துக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு மீட்டருக்கும் மேல் உயரமுள்ள பலகையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துக் கட்டி, பாதி உயரத்துக்குச் சாயம் கலந்த நீரை ஊற்ற வேண்டும். ஒரு முனையைத் திறந்து விட்டுவிட்டு, மறுமுனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலான ஹோஸில் ஒரு சிறு முனைக்குழல் வைத்து இணைக்க வேண்டும். இரு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையே 102 மி.மீ. வேறுபாடு இருந்தால் 1 கிலோபாஸ்கல்.

ஓட்டுபவர் மூன்றாம் கியரில் நீண்ட மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஏற, பக்கத்தில் இருப்பவர் பலகையை மடியில் நிமிர்த்திப் பிடித்துப் படிக்க வேண்டும். முதலில் நீர் நிலைகொள்ளாமல் துள்ளும். எஞ்சின் துடிப்பும் பாதையின் குலுக்கலும் சேர்ந்து இரண்டு விரற்கடை மேலும் கீழும் ஆட்டிவிடும். குழாய் வாயில் சிறு துண்டு ஸ்பாஞ்சைத் திணித்தால் துள்ளல் அடங்கி, மட்டம் மெதுவாக ஏறி ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். மேட்டின் உச்சியில் ஆக்சிலரேட்டரை விடும்போது பலகையைச் சாய்த்துவிட்டால் சாய நீர் கால்சட்டையில் இறங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

என் வண்டியில், ஓடித் தேய்ந்த காகித ஃபில்டரோடு அளந்தபோது மொத்தத் தடை 5 கிலோபாஸ்கலை ஒட்டியிருந்தது. புதிய காகித ஃபில்டரில் 3 ஆனது. ஃபில்டர் இல்லாமலே, புழுதி இல்லாத தார்ச்சாலையில் ஒரே ஒரு ஏற்றம் பார்த்தபோது இரண்டுக்குச் சற்று மேல் இருந்தது. அதாவது புதிய ஃபில்டரின் பங்கு 1 கிலோபாஸ்கல்கூட இல்லை. மீதியெல்லாம் ஃபெண்டர் ஓரத்துக் கம்பி வலையும், அதற்குப் பின் செங்குத்தாகத் திரும்பும் வளைவும், நசுங்கிப்போன ஒரு ஹோஸும் வைத்திருந்த தடை. உலகத்திலேயே சிறந்த ஃபில்டரை வாங்கி மாட்டியிருந்தாலும் அந்த ஹோஸ் அப்படியேதான் இருந்திருக்கும். பெரிய டீசல் எஞ்சின்களில் மொத்தத் தடை 6 கிலோபாஸ்கலைத் தொட்டால் ஃபில்டரை மாற்று என்பது வழக்கமான அளவுகோல். நம் வண்டிகளுக்கும் அதை வைத்துக்கொண்டால் கெடுதல் இல்லை.

18 பிப்ரவரி

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் பற்றிக் கேட்டவருக்கு: காற்றை எளிதில் விடும், நுண்ணிய புழுதியையும் எளிதில் விடும். புழுதிப் பாதையில் வாகன வரிசையின் பின்னால் ஓடும் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே போன புழுதி முதலில் கம்ப்ரஸர் சக்கரத்தின் முன்விளிம்புகளைத் தேய்க்கும், பிறகு சிலிண்டர் சுவரை. எஞ்சின் ஆயிலைச் சோதனைக்கு அனுப்பும் வழக்கம் உள்ளவர்கள் அறிக்கையில் புழுதியைக் காட்டிக்கொடுக்கும் சிலிக்கான் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே சொன்ன 1 கிலோபாஸ்கலில் பாதியை மிச்சம் பிடிக்க இது தேவையா என்று யோசிக்க வேண்டும்.

24 பிப்ரவரி

கேள்வி கேட்ட நண்பரின் கூம்பு ஃபில்டர் பானெட்டுக்கு அடியில், தடுப்பு எதுவும் இல்லாமல் நிற்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறார். அப்படியானால் அது வெளிக்காற்றை விட்டுவிட்டு ரேடியேட்டரையும் மேனிஃபோல்டையும் தடவி வந்த காற்றைக் குடிக்கிறது. வெளியே 30 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 9 விழுக்காடு குறைவு. அழுத்தத்தை இரண்டு மடங்காக்கும் கம்ப்ரஸர் 70 விழுக்காட்டுத் திறனில் வேலை செய்தால், 30 டிகிரிக் காற்று ஏறத்தாழ 125 டிகிரியில் வெளிவரும். 60 டிகிரிக் காற்று 164 டிகிரியில் வெளிவரும். தடையில் கிலோபாஸ்கல் கணக்கில் மிச்சம் பிடித்ததை வெப்பத்தில் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

26 பிப்ரவரி

இன்டர்கூலர் இருக்கிறதே, அதை மறந்துவிட்டீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, கணக்கைத் தொடர்ந்து போடுகிறேன். இன்டர்கூலர் 70 விழுக்காட்டுத் திறனில் குளிர்வித்தால் 125 டிகிரி 58 ஆகவும், 164 டிகிரி 70 ஆகவும் இறங்கும். 39 டிகிரி வேறுபாடு 12 டிகிரியாகச் சுருங்கிவிட்டது. எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் அடர்த்தியில் இழப்பு 3 முதல் 4 விழுக்காடுதான். ஆகவே முந்தைய குறிப்பின் 9 விழுக்காடு, இன்டர்கூலர் உள்ள வண்டிக்குக் கம்ப்ரஸரின் வாசலில் மட்டும் பொருந்தும். தொழிற்சாலையிலிருந்து இன்டர்கூலர் இல்லாமல் வந்த டொயோட்டா 1எச்.டி.-டி போன்ற எஞ்சின்களில் அந்த 9 விழுக்காடு முழுதாக சிலிண்டர் வரை போய்ச் சேரும்.

எப்படியிருந்தாலும் இழப்பு இழப்புதான். கூம்பு ஃபில்டரைக் கைவிட மனமில்லை என்றால், அதைச் சுற்றித் தகட்டுப் பெட்டி ஒன்று கட்டி வெளிக்காற்றுக் குழாயை அதற்குள் விடலாம். கட்டி முடித்த பிறகு, அது கழற்றி வைத்த பழைய ஃபில்டர் பெட்டியைப் போலவே இருப்பதைக் காணலாம்.

2 மார்ச்

கரும்புகை, இழுவைக் குறைவு என்று எழுதுபவர்களில் பாதிப் பேருக்குப் புதிய குழாயே தேவைப்படாது என்று நினைக்கிறேன். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக உள்ளிழுக்கும் மேனிஃபோல்டு வரை செல்லும் ஹோஸ்களில் எங்கோ கசிவு இருக்கும். என் வண்டியில் அது இன்டர்கூலரின் கீழ் ஹோஸில், கிளாம்புக்கு அடியில் மறைந்திருந்த வெடிப்பு. எஞ்சின் நின்றிருக்கும்போது வெடிப்பு மூடிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. பூஸ்ட் ஏறும்போது மட்டும் உதடு பிரித்துச் சீறும். டர்போ வாசலை ஒரு மூடியால் அடைத்து, அந்த மூடியில் பொருத்திய வால்வு வழியாக அரை பாருக்கு மிகாமல் காற்றேற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவியபோதுதான் கிளாம்பின் கீழ்விளிம்பில் வரிசையாகக் குமிழ்கள் முளைத்தன. பழைய ரப்பர் ஹோஸ், எண்ணெய் ஊறி உள்படலம் பிரிந்திருந்தால், முழுச் சுமையில் உள்பக்கமாக மடிந்து வழியை அடைத்துவிடுவதும் உண்டு. இன்டர்கூலருக்குள் தேங்கியிருக்கும் எண்ணெயையும் கழுவி எடுக்க வேண்டும்.

(பின்னர் சேர்த்தது:) இதைச் செய்த பிறகு கிடைத்த மாற்றத்தை, மார்ச் 15இல் குழாய் மாற்றியபோது கிடைத்த மாற்றத்தோடு ஒப்பிட்டால், இதுவே பெரிது.

15 மார்ச்

குழாய் மாற்றினேன். டர்போவின் வெளிவாயிலிலிருந்து 2.5 அங்குலம், நடுவில் நேராகப் பார்த்தால் மறுபுறம் தெரியும் வகை சைலன்சர் ஒன்று, பின்னால் தொழிற்சாலை சைலன்சருக்கு ஒத்த அளவில் இன்னொன்று. பட்டறையில் முதலில் குழாயை நசுக்கி வளைக்கும் இயந்திரத்தில் கொடுக்கப் பார்த்தார்கள். அதில் வளைவின் உள்பக்கம் மடிந்து, 2.5 அங்குலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு ஒவ்வொரு வளைவிலும் 2 அங்குலத்தை வாங்கி வர நேரிடும். உள்ளே தண்டு வைத்து வளைத்த ஆயத்த வளைவுகளைக் கொண்டுபோய்க் கொடுத்து வெல்ட் செய்யச் சொன்னேன்.

குறுக்களவைப் பற்றி நாம் இவ்வளவு பேசினாலும், குழாய் எத்தனை ஆண்டு தாங்கும் என்பது வேறு விஷயங்களில் இருக்கிறது. எஞ்சின் ரப்பர் மவுண்டுகளில் ஆடும், சேஸிஸ் ஆடாது. டர்போவுக்கும் முதல் தாங்கிக்கும் இடையே நெளியும் இணைப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் முழுவதும் ஃபிளாஞ்சிலும் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) மேனிஃபோல்டிலும் இறங்கி எங்கோ ஓரிடத்தில் வெடிப்பாக வெளிப்படும். குழாயின் எடை டர்போவில் தொங்கக் கூடாது. எல்லா போல்ட்டையும் தளர்த்திய நிலையில், குழாய் தன் ரப்பர் தாங்கிகளில் தானாக நின்று, ஃபிளாஞ்ச் துளைகள் தாமாக நேர்ப்பட வேண்டும். அப்படி நேர்ப்படாமல் கடப்பாரையால் நெம்பிப் போல்ட்டை நுழைக்க வேண்டியிருந்தால், அந்த வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

304 வகைத் துருப்பிடிக்காத எஃகு, சாதாரண எஃகைவிட அதிகமாக விரியும். 3 மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் 304இல் 15 மி.மீ. நீளும், சாதாரண எஃகில் 11 மி.மீ. குளிர்ந்த வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு கிராஸ் மெம்பருக்கும் (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) குழாய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கிறது என்று திருப்திப்பட்டால், சூடான வண்டி அந்த விரலைத் தின்றுவிடும். டீசல் டேங்க், பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், கியர்பாக்ஸ் மவுண்டின் ரப்பர் ஆகிய நான்குக்கும் அருகே வெப்பத் தடுப்புத் தகடு வேண்டும். குழாயின் எந்தப் பகுதியும் சேஸிஸ் சட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது. காய்ந்த புல்லில் நிறுத்தும் பழக்கம் உள்ளவர்கள் தகடுகளுக்கும் குழாய்க்கும் இடையே செருகிக்கொள்ளும் புல்லை அவ்வப்போது பிடுங்கிவிட வேண்டும். அது தீப்பிடித்து வண்டியோடு போன கதைகள் கட்டுக்கதைகள் அல்ல.

16 மார்ச்

கடைவாயைப் பின்சக்கரத்துக்கு முன்னாலேயே பக்கவாட்டில் முடித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், பாறையில் இடிபடாது, புகை நேராக ஜன்னலுக்குள் வரும். டீசல் புகையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பின்னால் கொண்டுபோய் விடுங்கள். பின்கதவின் ரப்பரையும் ஒருமுறை பாருங்கள். ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்று சுழன்று உள்ளே இழுக்கும்.

23 மார்ச்

நடு சைலன்சரை எடுத்தவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் இடம் அந்த உறுமல். நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில் 2000 சுற்றில் நொடிக்கு 67 வெடிப்புகள். அந்த 67 ஹெர்ட்ஸ் அதிர்வு, பெட்டிபோல் இருக்கும் இந்த வண்டிகளின் உட்கூட்டில் எதிரொலித்து, அதுவும் நீண்ட பயணத்தில் ஓட்ட வசதியான சுற்று வேகத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சத்தம் பெரிதாகக்கூட இருக்காது. காதைவிடத் தலைக்குள் உணரப்படும். கால் அலை நீளத்துக்கு, முனை அடைத்த ஒரு முட்டுக்குழாயைக் கிளையாக வைத்து இதை அடக்கலாம் என்பது சரியான யோசனைதான், ஆனால் 67 ஹெர்ட்ஸுக்கு, சூடான வாயுவில், அந்தக் கிளை ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளமாக இருக்க வேண்டும். அதற்கான இடம் இருந்தால் அங்கே இன்னொரு சைலன்சரே வைத்துவிடலாம்.

டர்பைனே பாதி சைலன்சர் வேலையைச் செய்துவிடுகிறது, பின் சைலன்சர் ஒன்று போதும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. அவர்களுடைய வண்டியில் பின்னிருக்கையில் அமர்ந்து நாள் முழுவதும் போய்வந்த பிறகுதான் நடுவில் ஒன்றை வைத்தேன்.

6 ஏப்ரல்

ஸ்நார்கல், அதாவது கூரை உயரத்திலிருந்து எஞ்சினுக்குக் காற்றை இழுக்கும் குழாய். முன்னோக்கித் திரும்பிய வாய் ஓடும் வேகத்தில் காற்றைத் திணித்து விசை தரும் என்ற நம்பிக்கையை முதலில் தீர்த்துவிடுவோம்: மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் முழு உந்தலையும் பிடித்தாலும் கிடைப்பது 0.45 கிலோபாஸ்கல். நம் நீர்ப்பலகையில் 46 மி.மீ. காட்டில் மணிக்கு 10 கிலோமீட்டரில் அதில் நூற்றில் ஒரு பங்கு. அது விசைக்காக வைப்பதே அன்று. கூரை உயரத்தில் புழுதி குறைவு, காற்று குளிர்ச்சி, தண்ணீர் எட்டாது, இந்த மூன்றுக்குத்தான்.

மூன்றாவதும் இணைப்புகள் இறுகியிருந்தால் மட்டுமே உண்மை. ஸ்நார்கலை வாங்கி மாட்டிவிட்டு, ஃபில்டர் பெட்டியின் அடியில் இரண்டு ரப்பர் உதடுகள் ஒட்டி நிற்கும் வடிகால் வால்வை மறந்துவிடுகிறார்கள். அந்த ரப்பர் காய்ந்து வாய் பிளந்திருந்தால், தண்ணீர் பெட்டிக்குள் வந்துவிடும், மேலே தலை எவ்வளவு உயரத்தில் இருந்தாலும். சோதிப்பதற்கு எளிய வழி உண்டு. எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஸ்நார்கலின் வாயைத் தட்டையான ரப்பர் துண்டால் முழுக்க மூட வேண்டும். சில நொடிகளில் எஞ்சின் திணறி நின்றுவிட்டால் இணைப்புகள் சரி. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கிருந்தோ காற்று குடிக்கிறது. அதே வழியாகத் தண்ணீரும் குடிக்கும். தண்ணீர் அமுங்காது என்பதால் பிஸ்டன் மேலேறும்போது வளைவது கனெக்டிங் ராடு.

ஆக்சில், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் பிரீதர் (காற்றுப்போக்கு) குழாய்களை உயர்த்தாமல் ஸ்நார்கல் மட்டும் வைத்தவர்கள், எஞ்சினைக் காப்பாற்றிவிட்டு டிஃபரென்ஷியலில் தண்ணீர் கலந்த எண்ணெயோடு வீடு திரும்புவார்கள். எக்ஸாஸ்ட் வாய் தண்ணீரில் மூழ்குவது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. நடுவில் நின்றுபோனால்தான் ஆபத்து.

7 ஏப்ரல்

ஸ்நார்கலுக்கு மாட்டும், சுழற்சி முறையில் புழுதியைப் பிரிக்கும் தலை, அதிகக் காற்றோட்டத்தில் தடையைக் கூட்டும். புழுதிப் பாதைக்கு மாட்டுங்கள், நெடுஞ்சாலைக்குக் கழற்றுங்கள். ஃபில்டரின் ஆயுளில் அது தரும் வேறுபாடு கண்கூடு. பிப்ரவரியில் உள்ளிழுக்கும் பக்கத்தை நான் கொஞ்சம் இளக்காரமாக எழுதியிருந்ததாகத் திரும்பப் படிக்கும்போது தோன்றுகிறது. விசைக்கணக்கில் அது சரி. வண்டியின் ஆயுள் கணக்கில், இன்டேக்கில் செய்யும் வேலைதான் எக்ஸாஸ்டில் செய்வதைவிட முக்கியம் என்று இப்போது சொல்வேன்.

19 ஏப்ரல்

ஈ.ஜி.ஆர். (எக்ஸாஸ்ட் வாயு மறுசுழற்சி) வால்வைத் தகடு வைத்து அடைப்பது பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். அது எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டு, எரியும் உச்ச வெப்பத்தைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கட்டுப்படுத்துகிறது. அதன் கரியும், கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து உள்ளிழுக்கும் மேனிஃபோல்டுக்குள் தார்போல் அப்பிக்கொள்வது உண்மை. ஆனால் முழுச் சுமையில் அந்த வால்வு மூடியே இருக்கும்; ஆகவே அடைத்தால் உச்ச விசை கூடும் என்பது உண்மை அன்று. பல நாடுகளில் புகைக்கட்டுப்பாட்டு உறுப்பை அகற்றுவது சட்டப்படி குற்றம், ஆய்வில் வண்டி தேறாது. கழற்றிச் சுத்தம் செய்து, ஒட்டிக்கொண்ட வால்வைச் சரிசெய்து திரும்ப மாட்டுவதையே நான் செய்கிறேன். திறந்த நிலையில் ஒட்டிக்கொண்ட வால்வு மட்டும் நிச்சயமாக இழுவையைக் கெடுக்கும். அதைச் சரிசெய்தவர்கள்தான் "அடைத்தேன், பறக்கிறது" என்று எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

3 மே

பூஸ்ட் மீட்டரும் டர்பைனுக்கு முந்தைய வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டரும் இல்லாமல் பம்பில் டீசலின் அளவைக் கூட்டும் திருகாணியைத் தொடக் கூடாது. தடையற்ற குழாய் போட்ட பிறகு சில வண்டிகளில் பூஸ்ட் தானாக வரம்பைத் தாண்டும், ஏனென்றால் டர்பைனைத் தவிர்த்து வாயுவைத் திருப்பிவிட்டுப் பூஸ்டுக்கு வரம்பிடும் வேஸ்ட்கேட்டின் சிறிய துளை இப்போதுள்ள ஓட்டத்தை முழுக்கத் திருப்பிவிட முடிவதில்லை. மலையில் இது இன்னும் கூர்மையாகும். 3000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 70 கிலோபாஸ்கல். வேஸ்ட்கேட் அதே 1 பார் பூஸ்டைப் பிடித்துவைத்தால், கடல்மட்டத்தில் இரண்டு மடங்காக அழுத்திய கம்ப்ரஸர் இங்கே 2.4 மடங்குக்கும் மேல் அழுத்த வேண்டும். டர்போ எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பூஸ்ட் மீட்டர் சொல்லாது.

வெப்பத்துக்கு, தொடர்ந்து ஏறும்போது 700 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது என்பதே நான் வைத்திருக்கும் வரம்பு. அலுமினியப் பிஸ்டனுக்கு அதற்கு மேல் நீண்ட நேரம் நல்லதன்று. என் வழக்கமான ஏற்றத்தில் குழாய் மாற்றுவதற்கு முன் 710 வரை போன முள், மாற்றிய பிறகு 680இல் நிற்கிறது. இந்த 30 டிகிரிதான் முழு வேலையின் பலன். அதை அப்படியே ஆயுளாக வைத்துக்கொள்ளலாம், அல்லது பம்பில் சிறிது டீசலைக் கூட்டி இழுவையாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது. நான் கூட்டவில்லை. கூட்டியவர்கள் முதலில் கேட்பது கிளட்ச் வழுக்கும் செய்தியாக இருக்கும்.

4 மே

பைரோமீட்டரின் சென்சாரை டர்போவுக்குப் பின்னால் வைத்தால் போதாதா என்ற கேள்விக்கு: சுமையில் அங்கே 100 முதல் 200 டிகிரி குறைவாகக் காட்டும், அந்த வேறுபாடும் நிலையாக இருக்காது. முன்னால்தான் வைக்க வேண்டும். மேனிஃபோல்டைக் கழற்றித் துளையிடுவதே முறை. வண்டியிலேயே துளையிடுபவர்கள் துளையாணியில் கெட்டியான கிரீஸைத் தடவி, சிறிது சிறிதாகக் குடைந்து, ஒவ்வொரு முறையும் துடைத்து எடுக்கிறார்கள். அப்படியும் ஒரு இரும்புத் துகள் உள்ளே விழுந்தால் அது நேராக டர்பைன் இதழ்களுக்குத்தான் போகும். வார்ப்பிரும்புத் துகள் தூளாக வரும் என்பதால் காந்தக் குச்சியை உள்ளே விட்டுத் துழாவலாம். மரையில் வெப்பம் தாங்கும் பசையைத் தடவ மறந்தால், அடுத்த முறை அந்த சென்சார் உடைந்துதான் வெளியே வரும்.